யாருடைய பலவீனம்?

ஒரு மேசை. அதன்மேல் அப்பம், பக்கத்திலே திராட்சைச் சாறு நிறைந்த கிண்ணம். சுற்றி நிற்போர் அனைவரும், 'நாங்கள் ஒரே தந்தையின் மக்கள்' என்று நாவாரச் சொல்வோர். அப்பம் பிட்கப்படுகிறது; கிண்ணம் கைமாறிச் செல்கிறது. ஒருவர் இதழ் பட்ட கிண்ணத்தில் அடுத்தவர் இதழும் படும். அங்கே அருவருப்புக்கு இடமில்லை. ஆண்டானுக்கு ஒரு பந்தி, அடிமைக்கு ஒரு பந்தி என்ற பேச்சுக்கும் இடமில்லை. திருவிருந்து என்று கிறித்தவர் இதற்குப் பெயரிட்டனர். கடவுளை ஏற்காதோரும், இந்தக் காட்சியைக் கண்டால், உண்ணும் இடத்திலே வேற்றுமையை ஒழித்த ஏற்பாடு அன்றோ இது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பர்.

ஆனால், அந்தக் கிண்ணம் கைமாறிக் கைமாறிச் சென்று, ஒரு கருநிறக் கைக்கு அருகே வந்ததும் தயங்கி நின்றால்? 'அவன் குடித்த கிண்ணத்திலா நான் குடிப்பது?' என்று பக்கத்தில் நிற்பவர் முகம் சுளித்தால்? போதகர் அப்போது என்ன செய்ய வேண்டும்? முகம் சுளித்தவரைக் கண்டிப்பதா? கருநிறத்தவரைக் காத்திருக்கச் சொல்வதா?

கட்டிய கதை அன்று, தோழர்களே! தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில், டச்சு சீர்திருத்தத் திருச்சபை இந்தக் கேள்விக்கு இருமுறை விடை கூறிற்று. 28 ஆண்டு இடைவெளியில், ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு விடைகள். இரண்டாவது விடை, ஒரு நாட்டையே நிறத்தால் கூறுபோட்ட கொடுமைக்குக் கால்கோளாயிற்று. அறம் பேசும் அமைப்பு ஒன்று, சமுதாயக் கொடுமையை எதிர்ப்படும்போது எங்கே வழுக்குகிறது, எப்படி வழுக்குகிறது, வழுக்கியபின் எழுந்து நிற்க எவ்வளவு விலை கொடுக்கிறது என்பதையெல்லாம் அறிய விரும்புவோர்க்கு, அந்த வரலாற்றினும் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

முதல் விடை, 1829ஆம் ஆண்டு தரப்பட்டது. அடிமை முறை சட்டப்படி நிலவிய காலம் அது. சந்தையிலே மனிதன் விலைபோன நாட்டில், சபையிலே அவனுக்கு எந்த இடம் என்ற வினா, திருச்சபையின் பேரவை முன் வந்தது. பேரவை தடுமாறவில்லை. நிறமும் பிறப்பும் பாராமல், உறுப்பினர் அனைவருக்கும் ஒரே வேளையில், ஒன்றாகத் திருவிருந்து அளிக்கப்பட வேண்டும் என்று முடிவு கூறிற்று. நன்று! நாம் பாராட்டத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவது விடை, 1857ஆம் ஆண்டு தரப்பட்டது. இடையிலே, 1834ஆம் ஆண்டு, அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது. சங்கிலி அறுந்தது, சங்கிலியைப் பிடித்திருந்த கை மட்டும் பழக்கத்தை மறக்கவில்லை. நேற்றுவரை ஏவலுக்கு நின்றவன் இன்று எதிரே அமர்ந்து அப்பம் பிட்பதைக் காணப் பொறாதவர்கள் முணுமுணுத்தனர். அந்த முணுமுணுப்பு பேரவையின் செவிக்கு எட்டிற்று. பேரவை என்ன தீர்மானித்தது? புதிதாகச் சமயம் தழுவிய கருநிற மக்களை, இருக்கின்ற சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, திருமறைக்கும் ஏற்றது. இது தீர்மானத்தின் முற்பாதி. ஆனால், சிலருடைய பலவீனத்தின் காரணமாக, அவ்வாறு சேர்ப்பது சமயப் பணிக்கு இடையூறாகும் இடங்களில், அம்மக்கள் தனிக் கட்டடத்திலே தம் வழிபாட்டு உரிமைகளைப் பெறலாம். இது பிற்பாதி.

முற்பாதியையும் பிற்பாதியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சேர்ந்திருப்பதே சரி என்று தெரிகிறது, தெரிந்திருந்தும் பிரிக்கிறார்கள். அறியாமையால் நேர்ந்த பிழை அன்று. அறிந்தே அளித்த சலுகை. சலுகை யாருக்கு? 'சிலருடைய பலவீனத்துக்கு'!

யார் அந்தச் சிலர்? நிலம் அவர்களிடம். துப்பாக்கி அவர்களிடம். ஆலயத்தின் முன்வரிசை அவர்களிடம். பேரவையின் வாக்கும் அவர்களிடம். அவர்கள் பலவீனர்கள்! நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்டவன், சொந்தம் என்று சொல்ல ஒரு குழிநிலமும் இல்லாதவன், பலசாலி! ஆகவே பலவீனரின் பொருட்டுப் பலசாலி விலகி நிற்க வேண்டும்! இப்படியும் ஓர் அகராதியா என்று நாம் வியக்கிறோம். ஆனால் இந்த அகராதி, கேப் பகுதியில் மட்டுமே அச்சானதன்று. ஆதிக்கம் இருக்கும் ஊரிலெல்லாம் இதற்குப் பதிப்பு உண்டு.

'பலவீனர்' என்ற சொல்லைத் திருமறையிலிருந்தே எடுத்தனர். கொரிந்து நகரத்தார்க்கும் உரோமாபுரியார்க்கும் தொண்டர் பவுல் தீட்டிய மடல்களிலே அது வருகிறது. எந்த உணவை உண்ணலாம், எதை உண்ணலாகாது என்ற ஐயத்தால் உள்ளம் கலங்கும் எளியோர் சபையில் இருந்தனர். அவர்கள் மனம் இடறாதிருக்க, தெளிவு பெற்றோர் தம் உணவையே விட்டுக்கொடுக்கலாம் என்பது பவுலின் அறிவுரை. அங்கே விட்டுக்கொடுப்பவன் தன்னுடையதை விட்டுக்கொடுக்கிறான். கேப் பேரவையோ, பிறனுடைய உரிமையை எடுத்து விட்டுக்கொடுத்தது. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் நம் பழமொழி இதற்கென்றே பிறந்ததுபோலும்! தன் பொருளை ஈவது கருணை. பிறன் பங்கை எடுத்து ஈவதற்கு வேறு பெயர் உண்டு. இந்த ஒரு வேறுபாட்டை மறந்த இடத்தில்தான், அறத்தின் கால் முதன்முதலாக வழுக்கிற்று.

வழுக்கிய கால் அங்கேயே நின்றதா? இல்லை. 'சில இடங்களில் மட்டும்' என்று தொடங்கிய சலுகை, பல இடங்களில் வழக்கமாயிற்று. வழக்கத்துக்கு ஒரு கட்டடம் தேவைப்பட்டது. 1881ஆம் ஆண்டு, கலப்பு இனத்தார்க்கெனத் தனித் திருச்சபையே அமைக்கப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கருக்கென ஒன்று. 1968ஆம் ஆண்டு இந்தியருக்கெனவும் ஒன்று. 1860 முதல் நட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட நம் தமிழ் மக்களின் வழிவந்தோரும், அந்த இந்தியர் என்ற பட்டியலுள் அடக்கம். ஒரே மறை, ஒரே மன்றாட்டு, ஒரே கோட்பாடு. நிறத்துக்கு ஒரு கூரை!

கட்டடம் எழுந்தபின், அதற்கொரு தத்துவமும் எழ வேண்டுமன்றோ? எழுந்தது. பாபேல் கோபுரக் கதையிலே கடவுள் மொழிகளைப் பிரித்தார்; மக்களைச் சிதறடித்தார்; ஆகவே இனங்கள் பிரிந்து வாழ்வதே அவர் திருவுளம் என்று இறையியல் எழுதினர். மனிதர்க்குக் குடியிருப்பின் எல்லைகளைக் கடவுள் வகுத்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வரும் கூற்றையும் துணைக்கு அழைத்தனர். அதே கூற்றின் தொடக்கத்திலே, மனித இனம் முழுவதும் ஒரே மூலத்திலிருந்து தோன்றியது என்று இருக்கிறதே! அது கண்ணில் படவில்லை. கண் இருந்தது, காணும் விருப்பம்தான் இல்லை. 1857இல் பலவீனம் என்று வெட்கத்தோடு சொல்லப்பட்டது, நூறாண்டு முடிவதற்குள் இறைவனின் திட்டம் என்று பெருமையோடு சொல்லப்பட்டது.

தத்துவத்துக்குப் பின் சட்டம். 1948ஆம் ஆண்டு தேசியக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிற்று. தலைமையமைச்சராக வந்த மலான், முன்னாளில் அதே டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் போதகராக இருந்தவர். 1949இல் வெள்ளையர்க்கும் மற்றவர்க்கும் இடையே திருமணத்தைத் தடுக்கும் சட்டம். 1950இல் ஒவ்வொரு மனிதனையும் நிறவாரியாகப் பதிவு செய்யும் சட்டம். அதே ஆண்டில், எந்த நிறத்தார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம். ஆலயத்தின் கதவிலே மாட்டிய பூட்டு, நாட்டின் கதவுகள் அனைத்துக்கும் முன்மாதிரி ஆயிற்று. எல்லாக் குற்றத்தையும் திருச்சபையின் தலையிலே சுமத்துவது நம் நோக்கமன்று. தங்கச் சுரங்கம் மலிவான கூலியைக் கேட்டது. வெள்ளைப் பண்ணையார் நிலத்தைக் கேட்டார். வெள்ளைத் தொழிலாளி போட்டியற்ற வேலையைக் கேட்டார். கொடுமையைச் செய்தவை இந்த ஆசைகள். திருச்சபை தந்தது, அந்த ஆசைகளுக்கு ஓர் உறுத்தாத மனச்சான்று. ஆனால் அது சிறிய உதவியா? திருடன் இரவிலே தூங்க முடியாமல் தவித்தால், என்றேனும் ஒருநாள் திருந்தக்கூடும். அவனுக்குத் தாலாட்டுப் பாடுபவரை என்னென்பது?

'சமயத்தின் வேலை ஆன்மாவைக் காப்பது. அரசியலில் அதற்கென்ன வேலை?' என்று கேட்போர் அன்றும் இருந்தனர். இன்றும் எங்கும் உளர். பிரிந்திருந்தாலும் ஆவியிலே நாம் ஒன்றுதான் என்றுகூட விளக்கம் தரப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒற்றுமை. கண்ணுக்குத் தெரிகின்ற பிரிவு! ஒற்றுமை வானத்திலே இருக்கட்டும், வேற்றுமை வீதியிலே இருக்கட்டும் என்ற இந்த ஏற்பாட்டிலே, வானத்தை யார் எடுத்துக்கொண்டார், வீதியை யார் எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் போதும், சூழ்ச்சி வெளிப்பட்டுவிடும். அரசியலில் தலையிடாதே என்ற அறிவுரை, பெரும்பாலும் ஏற்கெனவே தலையிட்டு முடித்தவர்கள் தருவது.

திருச்சபைகள் அனைத்தும் ஒரே குரலில் பேசின என்று நாம் கூறினால், அது உண்மைக்கு மாறாகும். பகுத்தறிவு, பிடிக்காதவரைப் பழிக்கும் உரிமைச் சீட்டு அன்று. உள்ளதை உள்ளவாறு காணும் கடமை. ஆகவே மறுபக்கத்தையும் காண்போம்.

1953ஆம் ஆண்டு பாண்டுக் கல்விச் சட்டம் வந்தது. அதுவரை ஆப்பிரிக்கக் குழந்தைகளின் பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் சமயத் தொண்டு நிறுவனங்களே நடத்தி வந்தன. அவற்றை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் மானியம் நிறுத்தப்படும். சட்டத்தை வகுத்த அமைச்சர் ஃபெர்வூர்ட், வெள்ளையர் சமூகத்திலே ஆப்பிரிக்கருக்குச் சில வகை உழைப்பினும் மேலான இடம் இல்லை. அதற்கேற்ற கல்வியே தர வேண்டும் என்ற கருத்தை மறைக்கவும் முயலவில்லை. பெரும்பாலான திருச்சபைகள் மனம் நொந்தவாறே பள்ளிகளை ஒப்படைத்தன. கத்தோலிக்கர், மானியம் இன்றியே தம் பள்ளிகளை நடத்த முனைந்தனர். ஜோகன்னஸ்பர்க் ஆங்கிலிக்கப் பேராயர் அம்புரோஸ் ரீவ்சோ, அடிமைக் கல்விக்கு என் கட்டடத்தைத் தாரேன் என்று பள்ளிகளையே மூடினார்.

கரும்பலகை முன் நின்று நாள்தோறும் பாடம் சொல்லும் நமக்கு, இந்த இடத்திலே சிந்தனை நின்றுவிடுகிறது. மூடியது சரியா? மூடிய பள்ளியின் குழந்தைகள் எங்கே போவர்? தெருவுக்கா? ஒப்படைத்தது சரியா? 'நீ சுமப்பதற்கே பிறந்தவன்' என்று கற்பிக்கும் பாடத்துக்கு ஆசிரியரின் வாயை வாடகைக்கு விடுவதா? நட்டத்தோடு நடத்தியது சரியா? எத்தனை நாளைக்கு, எவர் பணத்தில்? தூய்மையான வழி எதுவும் மிச்சம் இல்லை. அநீதி முற்றியபின் எடுக்கும் முடிவுகளின் இயல்பே அதுதான். 1857இலே 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், சில பணக்காரர்களின் முகச்சுளிப்போடு போயிருக்கும். அன்று சொல்லாத அந்தச் சொல்லுக்கு, நூறாண்டு வட்டியைக் குழந்தைகள் செலுத்தினர்.

1957ஆம் ஆண்டு, வெள்ளையர் பகுதியிலுள்ள ஆலயங்களில் ஆப்பிரிக்கர் வழிபடுவதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்ட முன்வரைவு வந்தது. கேப் டவுன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன் போராட்டக்காரர் அல்லர். நிதானமே உருவான முதியவர். அரசோடு மோதுவதில் அவர்க்கு விருப்பமே இல்லை. எனினும், இந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய எம்மால் இயலாது. கீழ்ப்படியுமாறு எம் மக்களுக்கு அறிவுரை கூறவும் இயலாது என்று தலைமையமைச்சருக்கு மடல் எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள், மார்ச் 7ஆம் நாள், மாரடைப்பால் மாண்டார். சட்டம் சில மாற்றங்களோடு நிறைவேறத்தான் செய்தது. ஆனால் அந்தக் கையெழுத்து வீண் அன்று. நிதானம் என்பது எந்த எல்லை வரையில் நற்பண்பு, எந்த எல்லைக்கு அப்பால் உடந்தை என்பதை அந்த முதியவர் தம் கடைசி நாளிலே அளந்து காட்டிவிட்டார்.

1960 மார்ச் 21. ஷார்ப்வில் நகரிலே, நடமாட்டச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது காவலர் சுட்டனர். அரசுக் கணக்குப்படியே 69 பேர் பிணமாயினர். உலகம் அதிர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், உலகத் திருச்சபைகள் மன்றம், ஜோகன்னஸ்பர்க்கின் காட்டெஸ்லோ பகுதியில் தென்னாப்பிரிக்கத் திருச்சபைகளைக் கூட்டிற்று. இயேசுவை ஏற்ற எவரையும் நிறத்தின் பேரால் எந்தச் சபையினின்றும் விலக்கலாகாது என்றும், இனம் கடந்த திருமணத்தைத் தடுக்கத் திருமறையிலே ஆதாரம் இல்லை என்றும் அங்கே அறிக்கை எழுந்தது. டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் கேப், டிரான்ஸ்வால் பேராளரும் அதற்கு இசைந்தனர். நூற்றாண்டுக்குப் பின் 1829இன் குரல் மீண்டும் கேட்டது! ஆனால், தலைமையமைச்சராகிவிட்ட ஃபெர்வூர்ட் சீறினார்; 1961இல் அந்தத் திருச்சபைப் பேரவைகள் தம் பேராளர்களையே கைவிட்டு அறிக்கையை மறுத்தன; உலக மன்றத்தினின்றும் விலகின.

கைவிடப்பட்ட பேராளருள் ஒருவர், பேயர்ஸ் நாடே. ஆட்சியையே ஆட்டிவைத்த புரூடர்பாண்ட் என்னும் ஆப்பிரிக்கானர் இரகசியச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவர் தந்தை ஒருவர். நாடேயும் இளமையிலேயே அதன் உறுப்பினர். சபையிலே உயர்பதவி, சமுதாயத்திலே செல்வாக்கு, நாளைக்கு நாட்டையே வழிநடத்தக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. இவ்வளவையும் உடையவர், காட்டெஸ்லோவில் இட்ட கையெழுத்தை அழிக்க மறுத்தார். 1963ஆம் ஆண்டு, எல்லா நிறத்தாரும் இணைந்த கிறித்தவ நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். பதவியா, அந்தப் பணியா என்று சபை கேட்டது. மனிதருக்கு அன்று, கடவுளுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்ற மறைமொழியை அடிப்படையாக வைத்துப் பேசி, மேடையினின்று இறங்கினார். நேற்றுவரை உறவாடியோர் துரோகி என்றனர். 1977இல் அரசு அவர்க்குத் தடை விதித்தது; ஏழாண்டு, பொதுக்கூட்டத்தில் பேசவோ எழுதி வெளியிடவோ உரிமையற்றவராய் வாழ்ந்தார்.

இங்கே ஒரு கேள்வி எழும். ஃபெர்வூர்ட் சென்ற ஆலயத்திலும் அதே நூல். நாடே மேடையிலும் அதே நூல். ஒருவர் அதிலே பூட்டைக் கண்டார். மற்றொருவர் திறவுகோலைக் கண்டார். அப்படியானால் தீர்மானித்தது நூலா? நூலைத் திறக்கும்முன் மனிதன் உள்ளத்திலே எடுத்துவிட்ட முடிவா? நம்பிக்கையாளர், சரியாகப் படித்தால் நூல் நீதியையே கூறும் என்பர். சரியாகப் படிப்பது எது என்பதை எதனால் அறிவது என்று நாம் திருப்பிக் கேட்போம். அந்தப் படிப்பினால் எவன் முதுகிலே தழும்பு விழுகிறதோ, அவனைக் கேட்டு அறிய வேண்டும் என்பதே நம் விடை. நாடேயும் அங்கிருந்துதான் அறிந்தார். கருநிற மக்களின் வாழ்விடங்களை நேரிலே கண்டபின்தான், தம் சபை போதித்த இறையியல் அவர்க்குக் கசந்தது. ஏட்டைத் திறக்குமுன் கண் திறந்தது. இதை நம்பிக்கையாளர் இறையருள் என்று அழைக்கட்டும். நாம் பகுத்தறிவு என்று அழைப்போம். பெயருக்காக அவரோடு பிணங்க மாட்டோம். அந்தக் கண் திறவாமல் இருப்பதற்கு மட்டும் இசைய மாட்டோம்.

வரலாறு மீண்டும் மேசையருகே வந்தது. 1982ஆம் ஆண்டு, கனடா நாட்டின் ஒட்டாவா நகரிலே, சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு கூடிற்று. திருவிருந்து வேளை. அன்று தென்னாப்பிரிக்காவின் கருநிறப் பேராளர்கள், 'நாங்கள் வரமாட்டோம்' என்றனர். எங்கள் நாட்டிலே எங்களோடு ஒரே பந்தியில் அமர மறுப்போருடன், இங்கே அமர்ந்து ஒற்றுமை நாடகம் ஆட மாட்டோம் என்பது அதன் பொருள். 1857இலே விலக்கப்பட்டோரின் வழிவந்தவர்கள், 1982இலே தாமே விலகி நின்று, விலக்கியவர்களைக் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தினர்! நிறவெறியை இறையியலால் நியாயப்படுத்துவது வேதப்புரட்டு என்று கூட்டமைப்பு அறிவித்தது. இரு வெள்ளைத் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. 1881இலே கலப்பு இனத்தார்க்கென ஒதுக்கப்பட்ட அந்தத் தனிச்சபையே, பெல்ஹார் நகரிலே நீதியையும் ஒற்றுமையையும் வலியுறுத்தும் நம்பிக்கை அறிக்கையை வரைந்து, 1986இல் ஏற்றுக்கொண்டது. புறக்கடைக்குத் தள்ளப்பட்டவர்கள்தான், வீட்டின் அறத்தைக் காப்பாற்றினர்.

1985ஆம் ஆண்டு, கைரோஸ் ஆவணம் என்ற பெயரிலே இறையியலாளர் பலர் கையெழுத்திட்ட அறிக்கை வந்தது. நிறவெறியைத் தாங்கும் அரசு இறையியலை மட்டும் அது சாடவில்லை. நிறவெறியைக் கண்டித்துக்கொண்டே, இரு தரப்பும் சமரசமாகப் போங்கள் என்று இனிமையாகப் பேசிய திருச்சபைகளையும் அது சாடிற்று. மிதிப்பவனுக்கும் மிதிபடுபவனுக்கும் இடையே சமரசம் என்றால், முதலில் எடுக்க வேண்டியது காலை அன்றோ! காலை எடுக்காமல் கையைக் குலுக்கச் சொல்வது, நீதி இல்லாத அமைதி. அது அமைதியும் அன்று.

பின்னர் மன்னிப்புப் படலம். 1986இல் வெள்ளைத் திருச்சபை, எல்லா நிறத்தார்க்கும் தன் கதவு திறந்தது என்றது. அது பொறாத சிலர் பிரிந்துபோய்த் தனிச்சபை கண்டனர். 1990 நவம்பரில், ரஸ்டன்பர்க் மாநாட்டிலே, பேராசிரியர் வில்லி யோங்கர் எழுந்து, தம் குற்றத்தையும் தம் திருச்சபையின் குற்றத்தையும் ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு அந்த மன்னிப்பை ஏற்றார். அவ்வளவு எளிதிலே ஏற்கலாமா என்று கருநிற மக்களிலேயே சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தத்தையும் நாம் மதிக்கிறோம். மன்னிப்புக் கேட்க ஒரு மணித்துளி போதும். பறித்த நிலமும், மறுத்த கல்வியும், பிரித்த குடும்பமும் மணித்துளியில் மீளுமா? 1994இல் கருநிறச் சபைகள் இரண்டு ஒன்றாக இணைந்தன. ஆனால் வெள்ளைத் திருச்சபையோடு அவை ஒன்றாகும் நாள், நிறவெறிச் சட்டங்கள் மாண்டு முப்பதாண்டு கடந்தும் இன்னும் வரவில்லை. சட்டத்தை ஒரு வாக்கெடுப்பால் மாற்றலாம். முகச்சுளிப்பை?

கடல் கடந்த நாட்டின் கதை என்று கைகழுவிவிட முடியுமா நம்மால்? நிறம் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சாதி என்ற சொல்லை வைத்தால், அதே கதை நம் மண்ணிலும் நடந்தது. 1833ஆம் ஆண்டு, கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சென்னை மாகாணச் சபைகளுக்கு ஆணையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறித்தவர் பலர், கிண்ணத்தைத் துறந்தாலும் துறப்போம், சாதியைத் துறவோம் என்று வெளியேறினர். சாதி உலகியல் வழக்கம், மெல்ல மெல்லக் கரையும் என்று கருதிய லைப்சிக் லூத்தரன் சபை, பின்னாளில் அத்தகையோர்க்குப் புகலிடமாயிற்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்திலே, சாதிகளைப் பிரித்து வைக்க நடுவிலே சுவர் நின்றது. 1910ஆம் ஆண்டு ஆயர் பார்த் அந்தச் சுவரை இடிக்கச் செய்தார். சுவருக்காக வழக்காடினர் சிலர்! 1916இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆயரின் பக்கமே தீர்ப்புரைத்தது. சுவர் விழுந்தது. ஆனால் கல்லறைத் தோட்டத்திலும் சாதிக்கொரு மூலை வகுத்த ஊர்கள் அதற்குப் பின்னும் இருந்தன. பாகுபாடு திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டிலே கொள்கை அறிக்கை வெளியிட நேர்ந்தது. கிறித்தவம் தழுவிய தலித் மக்களுக்கு 1950ஆம் ஆண்டின் ஆணை மறுத்த உரிமையை அரசிடம் கேட்கும் திருச்சபையின் குரல் நியாயமானது. அதே குரல், அதே உரத்தோடு, தன் கல்லறைச் சுவரிடமும் கேட்க வேண்டும்.

'மக்கள் இன்னும் பக்குவப்படவில்லை' — 1857இன் தீர்மானத்துக்கு நம் மொழிபெயர்ப்பு இது. ஆலயத்திலே மட்டுமா இது ஒலிக்கிறது? நாம் கல்லூரியிலே படித்த நாளில், நண்பன் ஒருவன் நம் வீட்டுக்கு வந்தான். மேடையிலே நம்மோடு சமத்துவம் பேசியவன். அவனுக்குத் தண்ணீர் வந்தது. நமக்கு வந்த குவளையிலன்று, வேறு குவளையிலே. பாட்டி முதியவள், அவள் மனம் நோகலாகாது என்று நாம் வாய் திறக்கவில்லை. அவன் குடித்தான், சிரித்தான், போனான். பிறகு வரவில்லை. அன்று நாம் பாட்டிக்குக் காட்டியது கருணை என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். 1857ஆம் ஆண்டுத் தீர்மானத்தைப் படித்த அன்றுதான் தெரிந்தது: நாம் விட்டுக்கொடுத்தது நம்முடையது அன்று, அவனுடையது. கேப் பேரவை கூடுவதற்குக் கேப் பகுதி தேவையில்லை. நம் வீட்டுக் கூடமே போதும்.

ஆகவே தோழர்களே, திருச்சபைகளை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோமோ, அதே அளவுகோல் நம் கையிலும் அளந்து பார்க்கட்டும். அறம் பேசும் எந்த அமைப்பும், தேவாலயமாயினும் சரி, சங்கமாயினும் சரி, குடும்பமாயினும் சரி, 'சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு' என்று வாய் திறக்கும்போது, மூன்று கேள்விகளைக் கேட்போம். யாருடைய பலவீனம்? யாருடைய பங்கிலிருந்து விட்டுக்கொடுக்கிறீர்கள்? அவரைக் கேட்டீர்களா?

இந்த மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்தால், மேசை ஒன்றே போதும். கிண்ணமும் ஒன்றே போதும்.